நூலகத்தில் ஒழுங்கு குலையும்போது: பொது நூலகப் பணியாளர் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் நம் மாநிலத்தில் நூலகம் மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனமாயிற்று. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாதவரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே வந்து நாளிதழ் படிக்கலாம். எதற்காக வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அப்படி எல்லோருக்கும் திறந்திருக்கும் இடத்துக்கு, நாளிதழை மணிக்கணக்கில் விடாமல் வைத்திருப்பவரும், கைபேசியில் உரக்கப் பேசுபவரும், மது அருந்தியவரும், பெண் வாசகரைப் பின்தொடர்பவரும் வரத்தான் செய்வார்கள். பகுப்பு எண்ணையும் பட்டியலாக்கத்தையும் வகுப்பறையில் கற்று வரும் நூலகர்கள், இத்தகைய நேரத்தில் என்ன சொல்வது, எங்கே நிற்பது, யாரை அழைப்பது என்பதைப் பெரும்பாலும் பணியில் சேர்ந்த பிறகு தாமாகவே, சில வேளைகளில் அடிபட்டும் அவமானப்பட்டும், கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த வழிகாட்டி மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், பயிற்சி நடத்தும் பொறுப்பிலுள்ள மூத்த நூலகர்களுக்கும், வாசகர் வட்ட நிர்வாகிகளுக்கும் உரியது. வெளிநாட்டுக் கையேடுகள் காவலாளி, மேலாளர், அடுத்த மேசையில் ஒரு சக ஊழியர் என்று பலர் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சென்னையின் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் அவை ஓரளவு பொருந்தலாம். ஆனால் கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் பல வேளைகளில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் பெண்ணாகவும் இருக்கலாம். எனவே தனியாக இருக்கும் அந்த நூலகரை மனத்தில் வைத்துத்தான் பயிற்சியைத் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருக்குப் பொருந்துவது பெரிய நூலகத்துக்கும் பொருந்தும். பெரிய நூலகத்துக்காக வகுத்தது அவருக்கு உதவாது.

முதல் படி: நடந்தவற்றைத் திரட்டுங்கள்

பயிற்சி நாளைக் குறிப்பதற்கு முன்பே ஒவ்வொரு நூலகத்திலிருந்தும் கடந்த காலத்தில் நடந்த நிகழ்வுகளை எழுதி வாங்குங்கள். படிவம் வேண்டாம், ஒரு பக்கத்தில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று எழுதினால் போதும். எழுதுபவர் மீது எந்த விளக்கமும் கேட்கப்படாது என்று மாவட்ட நூலக அலுவலர் எழுத்திலேயே உறுதி தர வேண்டும். இல்லாவிட்டால் ‘எங்கள் நூலகத்தில் அப்படி எதுவும் இல்லை’ என்ற ஒரே பதில்தான் எல்லா ஊரிலிருந்தும் வரும்.

வந்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள். இடையூறு என்பது பிறர் படிப்பைக் கெடுப்பது: உரத்த பேச்சு, ஒலி குறைக்காத காணொளி, பையை வைத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வது. மீறல் என்பது நூலகத்துக்கோ பிறருக்கோ இழப்பு உண்டாக்குவது: வேலைவாய்ப்பு விளம்பரத்தை பிளேடால் வெட்டி எடுப்பது, மூடும் நேரத்தில் வெளியேற மறுப்பது, பணியாளரைத் திட்டுவது. ஆபத்து என்பது உடலுக்கோ மானத்துக்கோ தீங்கு நேரக்கூடியது: தாக்குதல், மிரட்டல், பாலியல் தொல்லை, குழந்தைகளிடம் தகாத நடத்தை. முதலாவதைப் பேசித் தீர்க்கலாம். இரண்டாவதைப் பேசி, பதிவும் செய்ய வேண்டும். மூன்றாவதில் பேசிக்கொண்டிருக்கவே கூடாது. எது எந்த வகை என்பதைப் பணியாளர் எல்லோரும் ஒரே மாதிரி பிரிக்கப் பழகுவதுதான் பயிற்சியின் முதல் பாடம்.

இரண்டாம் படி: சச்சரவுக்கான காரணத்தைக் குறையுங்கள்

திரட்டிய நிகழ்வுகளைப் படித்துப் பார்த்தால், ஆளைவிட இடமே காரணமாக இருக்கும் சண்டைகள் தனியாகத் தெரியும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் சொந்தப் புத்தகத்தோடு நாள் முழுவதும் உட்கார்கிறார்கள்; நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு நாற்காலி கிடைப்பதில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நாளிதழ் மேசையையும் சொந்த நூல் படிக்கும் இடத்தையும் ஓர் அலமாரியால் பிரித்தாலே பாதிப் புகார் நின்றுவிடும். அதிகம் கேட்கப்படும் நாளிதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலகையில் வைப்பது, மின்னேற்றம் செய்யும் இடத்தைப் பொதுவில் வைப்பது, அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாத நாற்காலியில் பை இருந்தால் அது மேசை அருகே எடுத்துவைக்கப்படும் என்று எழுதி ஒட்டுவது ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. இவற்றைச் செய்யாமல் பணியாளரின் பொறுமையை மட்டும் வளர்க்க முயல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

மூன்றாம் படி: விதிகளைச் செயலாக எழுதுங்கள்

‘நூலகத்தின் மாண்பைக் காக்கவும்’, ‘நாகரிகமாக நடந்துகொள்ளவும்’ என்ற அறிவிப்புகளை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. எது நாகரிகம் என்பதில் நூலகருக்கு ஒரு கருத்து, வாசகருக்கு ஒரு கருத்து. கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் கூடிய செயலை விதி குறிப்பிட வேண்டும்: ‘கைபேசியில் பேச வேண்டுமானால் தாழ்வாரத்துக்குச் செல்லவும்’, ‘பிற வாசகரை அவர் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது’, ‘மூடுவதற்கு 10 நிமிடம் முன்பு மணி அடிக்கப்படும், மூடும் நேரத்தில் எல்லோரும் வெளியேற வேண்டும்’.

இதில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு பயிற்சியில் சொல்லத் தக்கது. நியூ ஜெர்சி மாநிலத்தின் மாரிஸ்டவுன் நகர நூலகம் 1989இல் வாசகர் நடத்தை விதிகளை வகுத்தது; அவற்றின்படி வெளியேற்றப்பட்ட, வீடற்ற ஒருவர் நீதிமன்றத்துக்குச் சென்றார். முதலில் விசாரித்த நீதிமன்றம் 1991இல் அவர் பக்கம் நின்றது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவலைப் பெறும் உரிமையில் பொது நூலகத்துக்குள் வரும் உரிமையும் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், படிக்கும் இடமாக நூலகத்தைக் காக்க வகுத்த நியாயமான விதிகள் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அழுக்கு உடையோடு வந்து அமைதியாக நாளிதழ் படிப்பவரைப் பற்றிப் பிற வாசகர்கள் முகம் சுளித்துப் புகார் சொல்லும்போது, ‘அவர் என்ன செய்தார்?’ என்ற கேள்வியை நூலகர் முதலில் கேட்டுக்கொள்ள அது உதவும். உடையும் சாதியும் வறுமையும் நடத்தை அல்ல. இங்கே தடுமாறும் நூலகம், ஒருவரையொருவர் தொட அஞ்சிய காலத்துக்கே திரும்பிவிடும்.

வெளியேற்றும் அதிகாரத்தின் எல்லையும் எழுத்தில் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் நூலகர் ஒருவரை அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் வெளியேறச் சொல்லலாம். அதற்கு மேற்பட்ட தடையை மாவட்ட நூலக அலுவலர், காரணத்தையும் முடியும் தேதியையும் குறித்துக் கடிதமாகத் தர வேண்டும். அதை எதிர்த்து முறையிட மாவட்ட நூலக ஆணைக்குழுவில் வழி இருக்க வேண்டும் என்று நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931இல் வகுத்துத் தந்த நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதனின் மண்ணில், காலவரையற்ற தடைக்கு இடம் தரக் கூடாது.

நான்காம் படி: பேச்சை ஒத்திகை பாருங்கள்

பயிற்சியின் பெரும் பகுதி இதற்கே ஒதுக்கப்பட வேண்டும். சொற்பொழிவு கேட்டுக் கோபத்தை அடக்கக் கற்றவர் எவரும் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான் பதற்றத்தில் நாவுக்கு வரும். மாவட்டத் தலைநகரின் கூட்ட அரங்கில் வைக்காமல், ஏதேனும் ஒரு கிளை நூலகத்தில், அதே மேசை நாற்காலிகளுக்கு நடுவே, பன்னிரண்டு பேருக்கு மிகாமல் அரை நாள் நடத்துங்கள். தினக்கூலியாக இருக்கும் துப்புரவுப் பணியாளரையும் பகுதிநேர நூலகரையும் கட்டாயம் அழையுங்கள். பல நேரங்களில் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான்.

பேச்சுக்கு ஒரு வரிசை பழக வேண்டும்: கண்ட செயலைச் சொல்வது, அது யாருக்கு இடைஞ்சல் என்று சொல்வது, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வழியைக் கொடுப்பது. நாளிதழ் முழுவதையும் மடியில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம், “பேப்பர் எல்லாத்தையும் நீங்களே வெச்சிருந்தா மத்தவங்க எப்படிப் படிக்கிறது?” என்று கேட்டால், அறையே திரும்பிப் பார்க்க, அவர் தன் மரியாதைக்காகச் சண்டையிட வேண்டியதாகிறது. அருகில் சென்று, குனிந்து, “ஐயா, விளையாட்டுப் பக்கத்தை அங்க ஒருத்தர் கேக்குறாரு. நீங்க படிச்சிட்டீங்கன்னா அதை மட்டும் பிரிச்சுக் கொடுத்துடலாங்களா?” என்றால் பெரும்பாலும் அவரே எடுத்துத் தருவார்.

விளிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பள்ளி மாணவனிடமும், மது அருந்தியவரிடமும், நம்மை ஒருமையில் திட்டுபவரிடமும்கூடப் பன்மையை விட்டு இறங்கக் கூடாது. முப்பது வயதில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவரைத் தம்பி என்று அழைப்பது, அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்கும் பேச்சை நினைவூட்டும். பதிவேட்டிலுள்ள பெயரோடு சார் சேர்த்து அழைப்பது நல்லது.

கடினமான ஒத்திகையாக இதைச் செய்யுங்கள். மாலை ஆறரை மணி. தேர்வுக்குப் படிப்பவர்கள் சிலர் உள்ளே இருக்கிறார்கள். மது அருந்திய ஒருவர் வந்து உரத்த குரலில் செய்தியைப் படிக்கிறார். பெண் நூலகர் மேசைக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளாமல் எழுந்து வந்து, இரண்டு கை நீளத் தொலைவில், அவருக்கு நேரெதிராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில், வாசலை மறைக்காமல் நிற்கிறார்.

“அண்ணே, சத்தம் கேக்குது. உள்ள பரீட்சைக்குப் படிக்கிறாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போயிட்டு நாளைக்குக் காலையில வாங்க.”

“என்னைப் போகச் சொல்ல நீ யாரு? இது உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

நூலகர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் வாதம் தொடங்கிவிடும். அவர் சொல்ல வேண்டியது: “பொதுச் சொத்துதாண்ணே. இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க.” அதே வாக்கியம், அதே குரல். இரண்டு முறை சொன்ன பிறகும் அவர் நகராவிட்டால் மூன்றாவது முறை சொல்லக் கூடாது. பக்கத்திலிருக்கும் வாசகர்களை வெளித் தாழ்வாரத்துக்கு வரச் சொல்லிவிட்டு, தானும் வெளியே வந்து தொலைபேசியை எடுக்க வேண்டும். கையைப் பிடிப்பது, நாளிதழைப் பிடுங்குவது, மின்விளக்கை அணைத்து விரட்டுவது மூன்றும் கூடாதவை. வீரமான வாசகர் யாராவது ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று எழுந்தால் அவரைத் தடுப்பதும் ஒத்திகையில் இடம்பெற வேண்டும், ஏனெனில் பல கைகலப்புகள் அப்படித்தான் தொடங்குகின்றன.

நூலகராக நடித்தவர் அடுத்த சுற்றில் வாசகராக நடிக்கட்டும். பார்வையாளர்களிடம் ‘சரியாகச் செய்தாரா’ என்று கேட்காமல், ‘எந்தச் சொல்லில் அவர் குரல் உயர்ந்தது, எந்தச் சொல்லில் தணிந்தது’ என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: தனி அறிவு வேண்டிய நிலைமைகள்

மனநலப் பாதிப்பு உள்ளவர் தனக்குள் பேசிக்கொண்டோ நடந்துகொண்டோ இருப்பது ஒழுங்கீனம் அல்ல. குரலைத் தாழ்த்தி, குறுகிய வாக்கியத்தில், ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் காண்பதாகச் சொல்வதை மறுத்து வாதிடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். குடும்பத்தினருக்கும் அவருக்கும் ஆலோசனை பெற 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுக்கலாம். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவரையும், நோயின் காரணமாகத் தமக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரையும் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. அவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. காவல்துறையை அழைக்கும்போது இது குற்றப் புகார் அல்ல, மருத்துவ உதவி என்று நூலகர் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன இறுக்கம் உள்ள குழந்தை திடீரென்று கத்தும்போது பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல், விளக்கும் ஒலியும் குறைந்த ஒரு மூலையைக் காட்டுவதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததே.

வலிப்பைக் குடிமயக்கம் என்று தவறாக எண்ணிய நிகழ்வுகள் உண்டு. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை, வாயில் எதையும் வைக்கவும் கூடாது. சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்தி, தலைக்கு அடியில் மெத்தென்று ஒன்றை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108.

பெண் வாசகர் ஒருவர் வந்து, எதிரில் இருப்பவர் தன்னைத் தொடர்ந்து படம் எடுக்கிறார் என்றோ பின்தொடர்கிறார் என்றோ சொன்னால், ‘நீங்க வேற இடத்துல உட்காருங்க’ என்று அவரையே நகர்த்துவது பெரும் தவறு. அவர் மறுநாள் வர மாட்டார்; மற்றவர் வருவார். அவரை நூலகரின் மேசை அருகே அமரவைத்து, என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்டு, புகார் தர விரும்பினால் பெண்கள் உதவி எண்ணான 181 அல்லது அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்க உதவ வேண்டும். பெண்ணைப் பின்தொடர்வதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவிலும் பாலியல் தொல்லைக்கு 75ஆவது பிரிவிலும் தண்டனை உண்டு. பெண் பணியாளருக்கு வாசகரால் தொல்லை நேர்ந்தாலும், பணியிடத்துக்கு வரும் வெளியாரிடமிருந்து பாதுகாப்பளிப்பது, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்வாகத்தின் கடமை. ‘பொது இடம் என்றால் அப்படித்தான்’ என்று எந்த அலுவலரும் சொல்லிவிட முடியாது.

குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. முதலில் மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டுமோ என்ற தயக்கத்தைப் பயிற்சியில் முழுதாகப் போக்குங்கள்: வேண்டியதில்லை. மூடும் நேரத்தில் அழைத்துச்செல்ல யாரும் வராத குழந்தையின் விஷயத்தில், பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம்; எந்தப் பணியாளரும் தனியாகத் தன் வண்டியில் கொண்டுபோய் விடக் கூடாது.

ஆறாம் படி: தனியாள் நூலகத்துக்கான ஏற்பாடு

நூலகரின் நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவே அலமாரி இருக்கக் கூடாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் 112, 108, 181, 1098, 14416 ஆகியவற்றோடு உள்ளூர்க் காவல் நிலையத்தின் நேரடி எண்ணும் இருக்கட்டும். வாசகர் வட்டத்தில் ஐந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய இருவரையும், எதிரிலுள்ள கடைக்காரர் ஒருவரையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தச் சிவப்புக் குறிப்பேட்டைக் கொண்டு வாங்க’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தைத் தொலைபேசியில் சொன்னால், அவர்கள் காரணம் கேட்காமல் வர வேண்டும். அவர்கள் வேலை உடன் நிற்பது மட்டுமே, அடிப்பதோ மிரட்டுவதோ அல்ல என்பதை எழுதியே கொடுங்கள். இருட்டிய பிறகு ஒரே ஒரு வாசகர் மட்டும் இருந்து, நூலகருக்கு அச்சம் தோன்றினால், நேரத்துக்கு முன்பே மூட அவருக்கு அதிகாரம் வேண்டும். மறுநாள் காரணம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பக் கூடாது.

ஏழாம் படி: குறிப்பேடும் பின்தொடர்வும்

இடையூறு தவிர்ந்த எல்லா நிகழ்வையும் அன்றே எழுத வேண்டும். பைத்தியம், குடிகாரன், ரவுடி என்ற முத்திரைகள் குறிப்பேட்டுக்கு ஆகாதவை. ‘மாலை 6.35. நாளிதழ் மேசை. பேச்சு குழறியது, மேசையைப் பிடித்து நின்றார், உரக்கப் படித்தார். இரண்டு முறை வெளியேறக் கேட்டேன். நாற்காலியைத் தள்ளினார். 6.45க்கு 112. 7.05க்குக் காவலர் வந்தார். யாருக்கும் காயமில்லை’ என்று எழுதினால், அந்தப் பக்கத்தை எந்த நீதிமன்றத்திலும் காட்டலாம். மாற்றலாகி வரும் புதிய நூலகரும் படித்துப் புரிந்துகொள்வார். பணியில் உள்ள பொது ஊழியரைத் தடுக்கும் நோக்கில் தாக்குவது சன்ஹிதாவின் 132ஆவது பிரிவில் குற்றம். அந்தப் புகாருக்கும் இப்படி எழுதிய பதிவே ஆதாரம்.

தாக்குதலோ மிரட்டலோ நடந்த நாளில் மாவட்ட நூலக அலுவலர் தானே தொலைபேசியில் பேச வேண்டும். ‘நீங்க என்ன சொன்னீங்க?’ என்பது அவருடைய முதல் கேள்வியாக இருந்தால், அந்த மாவட்டத்தில் இனி எவரும் எதையும் எழுத மாட்டார்கள். அடிபட்டதா, வீட்டுக்குப் போக யாராவது உடன் இருக்கிறார்களா, நாளை யாரைத் துணைக்கு அனுப்பலாம் என்பவை முதலில், விசாரணை பிறகு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் கூடி, குறிப்பேட்டிலிருந்து இரண்டு நிகழ்வுகளை எடுத்து மீண்டும் நடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிகழ்வுகள் திரும்ப வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்பி, மேசையையும் நேரத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். தடைக்காலம் முடிந்து திரும்பி வருபவரை வரவேற்பதும் ஒத்திகைக்குரியதே: பழைய நிகழ்வைப் பேச்சில் எடுக்காமல் வருகைப் பதிவேட்டை நீட்டி, விதித் தாளின் படியொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். மீண்டும் ஏதேனும் நடந்தால் அதைப் புதிய பதிவாக எழுதி அனுப்புவது நூலகரின் வேலை; பழைய பதிவுகளோடு சேர்த்து எடைபோடுவது மாவட்ட நூலக அலுவலரின் வேலை.